டெலிபோன் புத்தகத்துக்குள் குடியிருந்தவர்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான்கு பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை. ஒன்று என் தம்பி சிவம். எங்கள் அம்மா போனபோது அவனுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. நான் மூன்றாம் வகுப்பு. சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு அவனை இடுப்பில் தூக்கினேன். ஆகவே எத்தனை பிள்ளை என்று கேட்டால் நான்கு என்றுதான் சொல்வேன். யாராவது மூன்று என்று திருத்தினால் எனக்குப் பிடிக்காது.

போன கிழமை மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய கதையை எழுதியிருந்தேன். இந்தக் கிழமை, முப்பது வருடத்துக்கு மேல் பழைய ஒரு சனிக்கிழமைக் காலை.

பேர்ணுக்குப் பக்கத்துப் பீல் நகரத்தில் மூன்றாம் மாடி வீடு. சமைக்கிற குசினியின் நிலத்தில் முழங்காலில் இருக்கிறேன். பக்கத்தில் சணல் நூல் உருண்டை, கத்தரிக்கோல், ஆறிப்போன கோப்பி. முன்னால் மூன்று மாதத்துப் பழைய பேப்பர். வெளியே மழை வரப்போகிற வெளிச்சம். கையெல்லாம் அச்சு மை.

அன்று பேப்பர் எடுக்கிற நாள். இந்த நாட்டில் பழைய பேப்பரைக் கண்டபடி எறிய முடியாது. நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, காலை ஏழு மணிக்கு முன் வீதியோரம் வைக்கவேண்டும். எங்கள் பகுதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டியோடு வந்து எடுத்துப்போவார்கள். அதில் வருகிற காசு அவர்களின் பள்ளிக்கூடச் சுற்றுலா முகாமுக்குப் போகும்.

நான் எப்போதும் கட்டின் அடியில் தடித்த புத்தகம் ஒன்று வைப்பேன். அப்போதுதான் கட்டு வளையாது. அன்று கண்ணில் பட்டது டெலிபோன் புத்தகம். புதியது வந்து இரண்டு கிழமை. பழையது அதன் அடியிலேயே கிடந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு எதற்கு? எடுத்தேன். கொஞ்சம் வீங்கியிருந்தது. ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

இறுக்கிக் கட்டிக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு, தூர நின்று ஒருமுறை பார்த்தேன். வீதியிலேயே நல்ல கட்டு என்னுடையதுதான்.

ஒட்டிவிட்டுப் போன துண்டு

இந்தப் பெருமைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் என்னை வீண்பெருமைக்காரி என்பீர்கள்.

வந்த முதல் வருடம், எல்லோரும் பேப்பர் வைக்கிறார்கள் என்று நானும் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து வைத்தேன். வண்டி வந்தது, போனது. வீதியில் இருந்த எல்லாம் போய்விட்டது, என் பை மட்டும் நிற்கிறது. அதில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது.

அந்த மொழி எனக்கு வாசிக்கத் தெரியாது. போகிறவர்கள் எல்லாம் வாசித்துக்கொண்டு போனார்கள்.

கீழ்வீட்டு ஃப்ராவ் ஏபிதான் வந்து சொன்னாள்; ஃப்ராவ் என்றால் திருமதி. பெரிய உடம்பு, சின்ன நாய், தனியாக இருந்த மனுஷி. கையால் குறுக்காக ஒன்று, நெடுக்காக ஒன்று கீறிக் காட்டினாள். கட்டவேண்டும். அவ்வளவுதான். வெட்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்: கட்டுவதற்கு எனக்கு ஒருவரும் பழக்கத் தேவையில்லை. என் அப்பா புகையிலைச் சிப்பம் கட்டியவர். முடிச்சை அடிப்பக்கம் தள்ளி, நூல் நுனியை உள்ளே செருகிவிடுவார். ஏற்றி இறக்கும்போது ஒன்றில் ஒன்று கொளுவாது. மேலே பார்த்தால் முடிச்சே தெரியாது. அடுத்தமுறை அப்படித்தான் கட்டினேன். ஃப்ராவ் ஏபி குனிந்து, சுற்றிப் பார்த்து, முடிச்சைத் தேடினாள். கிடைக்கவில்லை. அன்றிலிருந்து படிக்கட்டில் கண்டால் முதல் வணக்கம் அவள்தான் சொல்வாள்.

கடிதம் கசங்காமல் இருக்க

தம்பி சிவம் அப்போது கனடாவில், ரொறன்ரோவில். கடிதத்தோடு படம் அனுப்புவான். பனியில் நிற்கிற படம், கார் பக்கத்தில் நிற்கிற படம். ஒருமுறை படம் மடிந்து வந்துவிட்டது என்று சொன்னதற்கு, அடுத்த கடிதத்தில் ஒரு தடித்த அட்டையை வைத்திருந்தான்.

அதில் ஒரு வெள்ளைக்காரன் கையில் உருண்டைத் தடியோடு நின்றான். அங்கே சூயிங்கத்தோடு வருகிற அட்டையாம். அவன் வேலை செய்த கடையில் பிள்ளைகள் சூயிங்கத்தை எடுத்துக்கொண்டு அட்டையை எறிந்துவிட்டுப் போவார்களாம்.

மாமாவின் படத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் கடைசி மகள் தர்சி அந்த அட்டையைத்தான் எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்பது வயது. முகர்ந்து பார்த்தாள். இனிப்பு வாசம். எனக்கும் நீட்டினாள். ஓம், இனிப்புத்தான். கனடா இப்படித்தான் மணக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு ஆள் வந்தான். தர்சி அவர்களை அட்டை என்று சொல்வதில்லை. "என்ரை ஆக்கள்" என்பாள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் உதைபந்தாட்டக்காரரின் படம் சேர்த்தார்கள். பில்ட்லி என்பார்கள், சின்னப் படம். இடைவேளையில் மாற்றுவார்கள். எங்கள் தர்சி தன் மட்டைக்காரரைக் கொண்டுபோய் நின்றால் ஒருவரும் மாற்ற வரவில்லை. "இது என்ன விளையாட்டு?" என்று கேட்டார்களாம். அவளுக்கும் தெரியாது. ஒரேயொரு பொடியன், மார்க்கோ என்று ஒரு இத்தாலிக்காரப் பிள்ளை, இரக்கப்பட்டு ஒரு கோல்காப்பாளரைத் தந்து ஒரு மட்டைக்காரனை வாங்கினான். அன்று அவள் வீட்டுக்கு ஓடிவந்த சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது.

என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். ஊரில் கல்லூரிக்குக் கிரிக்கெட் ஆடியவர்.

"இது கிரிக்கெட்தான். மட்டையைத்தான் பிழையாச் செய்துபோட்டாங்கள்."

"அப்பா, இதுக்கு விக்கெட் இல்லை."

"படத்திலை விழேல்லை. இவனைப் பார், முகத்திலை கம்பிக்கூடு போட்டிருக்கிறான். இவன் விக்கெட் கீப்பர்."

"எனக்கெண்டால் தேன் எடுக்கப் போறவன் மாதிரி இருக்கு" என்றேன் நான்.

"உமக்கு என்ன தெரியும்? கையிலை கிளவுஸ் இருக்குத்தானே!"

"அது கிளவுஸோ? தலையணையெல்லோ."

தர்சி சிரித்துச் சிரித்து நிலத்தில் புரண்டாள். அது பேஸ்பால் என்று தம்பி பிறகுதான் எழுதினான். அண்ணன்மார் இரண்டு பேரும் ஆட்களைச் சுண்டி விளையாடி மூலை மடக்கியதால் அவள் அவற்றை எங்கோ ஒளித்து வைக்கத் தொடங்கினாள். எங்கே என்று எனக்கும் சொல்லவில்லை.

அட்டையின் மற்றப் பக்கம்

இனி நான் இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று.

தம்பியின் கடிதம் "அன்புள்ள அத்தானுக்கு" என்று தொடங்கும். இவர்தான் சத்தமாக வாசிப்பார். நல்லாக வாசிப்பார், குறை சொல்லமாட்டேன். ஆனால் எல்லோருக்கும் முன்னால் வாசிக்கிற கடிதத்தில் எனக்கென்று தனியாக என்ன இருக்கும்? "அக்காவையும் கேட்டதாகச் சொல்லவும்." அவ்வளவுதான். டெலிபோனும் அப்படி. நடுக் கூடத்தில், எல்லோரும் சுற்றி நிற்க, என் முறை வரும்போது நேரம் முடிந்துவிடும்.

என்னால் நீளக் கடிதம் வாசிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் மூன்றாம் வகுப்பு எழுத்து மறக்கவில்லை என்றும் தெரியும். அட்டையின் பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன இலக்கங்கள் இருக்கும். அதன் மேலேயே கறுத்தத் தடித்த பேனையால், பெரிய எழுத்தில், எனக்கு ஒரு வரி எழுதுவான்.

"அக்கா, முழங்கால் நோ எப்பிடி?"

"அக்கா, பனிக்கு ரெண்டு சட்டை போடு."

"அக்கா, நான் வைச்ச குழம்பு நாய்க்கும் ஆகாது."

குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பிறகுதான் தர்சிக்குக் கொடுப்பேன். இவர் ஒருநாளும் அட்டையைத் திருப்பிப் பார்த்ததில்லை. முன்பக்கத்தோடு சண்டை பிடிக்கவே அவருக்கு நேரம் சரி. தர்சிக்கு அப்போது தமிழ் எழுத்துத் தெரியாது. "மாமா ஏன் எல்லா ஆக்களிலையும் கிறுக்குறார்?" என்று கோபிப்பாள். "அது ஆசீர்வாதம் பிள்ளை" என்று சொல்லிவைத்தேன்.

நான் சொல்கிற அந்தச் சனிக்கு முன் வியாழக்கிழமை ஒரு கடிதம் வந்தது. அட்டையைத் திருப்பினேன். இந்தமுறை எழுத்து சிறிது, வரி நான்கு. "அக்கா, எனக்கு ஒரு" என்று மட்டும் வாசித்திருப்பேன். தர்சி வந்து பறித்துக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடிவிட்டாள்.

எனக்கு ஒரு என்ன? ஒரு வருத்தமோ? ஒரு விபத்தோ? ஒரு ஆபத்தோ? வெள்ளிக்கிழமை முழுநாள் வேலை. கை பெட்டியில், மனம் அந்த மூன்று சொல்லில். கேட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சனிக்கிழமை தர்சி குளிக்கும்போது தேடி எடுத்துப் பார்க்கலாம் என்று பொறுத்திருந்தேன்.

நாற்பது பேரை வண்டியில் ஏற்றியவள்

காலை ஒன்பதரை இருக்கும். தர்சி டெலிபோன் மேசையடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, பழைய டெலிபோன் புத்தகம் எங்கை?"

"புதுசு இருக்குத்தானே."

"பழசு எங்கை அம்மா?"

"கட்டிப் போட்டன். வண்டி வந்து ஏத்திக்கொண்டு போயிட்டுது."

அவள் இருந்த இடத்திலேயே சரிந்தாள். "அதுக்குள்ளைதானே என்ரை ஆக்கள் எல்லாரும்!"

ஒருவரும் திறக்காத புத்தகம் என்று அதைத்தான் ஒளிக்கத் தெரிந்தெடுத்திருக்கிறாள். அதுவும் சும்மா செருகவில்லை. ஒவ்வொருவனின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எழுத்துப் பக்கத்தில், அவனவன் இடத்தில் குடியிருத்தியிருக்கிறாள். மட்டைக்காரர் எல்லாம் பீல் நகரத்துக் குடும்பங்களோடு அயலவராக இருந்திருக்கிறார்கள்.

குளியலறையிலிருந்து இவர் பாதி முகம் சவர்க்கார நுரையோடு எட்டிப் பார்த்தார். "என்ன சத்தம்? ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லை. நாப்பது பேரை நான் வண்டியிலை ஏத்திவிட்டிட்டன்."

"இஞ்சரும், அதுக்கேன் சப்பாத்துக் கொளுவுறீர்? சிவத்திட்டைச் சொன்னால் வேறை அனுப்புவான்."

வேறு அனுப்புவான். அந்த நாலு வரியை யார் அனுப்புவார்? தர்சியை இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். ஒரு காலில் சப்பாத்து, மறுகாலில் வீட்டுச் செருப்பு. அதை நான் கீழே போய்த்தான் கண்டேன்.

ஃப்ராவ் ஏபி நாயோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். தர்சி அழுது அழுது ஜெர்மனில் சொன்னாள். அந்த மனுஷி என் கால்களைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. கார்ச் சாவியை எடுத்தாள்.

முடிச்சு இல்லாத கட்டு

பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பெரிய இரும்புக் கொள்கலன். பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. நூற்றுக்கணக்கான கட்டு, எல்லாம் ஒரே சணல், ஒரே குறுக்கும் நெடுக்கும். மழையும் தூறத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் இருபது பேர் வண்டியிலிருந்து எறிந்துகொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கிறவர், அப்வார்ட் என்பார்கள், கையை விரித்தார். உள்ளே ஒருவரும் ஏறக்கூடாது, பதினொரு மணிக்கு லொறி வந்து கொண்டுபோகும் என்றார்.

ஃப்ராவ் ஏபி அவர் முன்னால் போய் நின்றாள். அவள் சொன்னதைத் தர்சி பிறகு எனக்கு மொழிபெயர்த்தாள். "நீ என் மகனோடு படித்தவன். என் வீட்டு மேசையில் எத்தனை நாள் சூப் குடித்திருக்கிறாய்? இந்தப் பெண்ணைப் பார், வீட்டுச் செருப்போடு வந்திருக்கிறாள்."

அந்த மனிதர் என் காலைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சரி, கட்டுக்கு அடையாளம் என்ன என்று கேட்டார்.

எனக்கு அந்த ஜெர்மன் சொற்கள் வரவில்லை. நிலத்தில் கிடந்த ஒரு கட்டைக் காட்டி, முடிச்சைத் தொட்டு, "இது" என்றேன். பிறகு கையை ஆட்டி, "இல்லை" என்றேன். ஃப்ராவ் ஏபிக்கு விளங்கிவிட்டது. அவள் அந்த முடிச்சை முன்பு தேடியவள் அல்லவா? பிள்ளைகளைப் பார்த்துப் பெரிய குரலில் சொன்னாள்: முடிச்சு இல்லாத கட்டைத் தேடுங்கள்.

பீலில் எல்லாம் இரண்டு மொழி. பாதிப் பிள்ளைகள் ஜெர்மனில் கத்த, பாதி பிரெஞ்சில் கத்த, ஒரு கட்டு கைமாறிக் கைமாறி வெளியே வந்தது. அது இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. தர்சி என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிவப்பு மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெரிய பெண்பிள்ளை ஒரு கட்டைத் தலைக்குமேல் தூக்கினாள். நூல் நான்கு பக்கமும் சுத்தமாக ஓடியது. முடிச்சைக் காணவில்லை.

அப்வார்ட் கத்தியை எடுத்தார். வேண்டாம் என்றேன். நான் கட்டியதை நான்தான் அவிழ்ப்பேன். நுனியை வெளியே இழுத்தேன், ஒரே இழுவையில் கட்டு விரிந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் "ஓ" என்றார்கள். அந்த அவதியிலும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தர்சி புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாக எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள். ஈரம்கூடப் படவில்லை.

"தர்சி, வியாழக்கிழமை வந்தவனை ஒருக்கா எடு."

"எவன் அம்மா?"

"கன்னம் வீங்கினவன்."

"எல்லாருக்கும் வீங்கித்தான் இருக்கு. சூயிங்கம் சப்புறாங்கள்."

"மீசையும் இருக்கு, பிள்ளை."

எடுத்துத் தந்தாள். அதை இரண்டு கையாலும் வாங்கினேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்கும் பேஸ்பால் விருப்பமோ?"

"விருப்பம்தான்" என்றேன்.

காரின் பின்னிருக்கையில், நாய்மயிருக்கு நடுவில் இருந்து வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் தொடங்கி ஆற்றுப் பாலம் தாண்டும்போதுதான் முடிந்தது.

"அக்கா, எனக்கு ஒரு பிள்ளையைப் பிடிச்சிருக்கு. பேர் ரெஜினா, வேதக்காரர். நீ சம்மதிச்சால் கலியாணம் செய்யிறன், இல்லாட்டி விடுறன். அத்தானுக்கு இன்னும் சொல்லேல்லை."

கோல்காப்பாளரின் முதுகில்

அந்தக் கிழமை முழுக்க எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. வேதக்காரப் பிள்ளையோ? எந்த ஊர்? மாதா கோயிலுக்குப் போகிறவள் எங்கள் கோயிலுக்கு வருவாளோ? தாய்தகப்பன் ஆர்? இவர் அறிந்தால் என்ன சொல்வார்? அவனுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. நான் பார்த்த இடமெல்லாம் சரிவரவில்லை. ஆனாலும் மனம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. "விடுறன்" என்று எழுதியிருந்தானே, அந்தச் சொல்தான் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. சொன்னால் விட்டுவிடுவான். அப்படி வளர்த்துவிட்டேன்.

பதில் எழுதவேண்டும். ஒருவரையும் எழுதித்தரச் சொல்ல முடியாது. நான் சிலேட்டைக் கீழே வைத்த நாளிலிருந்து என் கையெழுத்துத் தவிர ஒன்றும் எழுதியதில்லை.

தர்சியிடம் கேட்டேன். "பிள்ளை, உன்ரை பந்துக்காரன் ஒருத்தனைத் தருவியோ? மாமாவுக்கு அனுப்ப."

அவளிடம் இருந்ததே ஒன்றுதான், மார்க்கோ தந்த கோல்காப்பாளர். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கொண்டுவந்து தந்தாள். "மாமா எனக்கு இவ்வளவு பேரைத் தந்தவர்தானே" என்றாள்.

அந்தப் படத்தின் முதுகில் எழுதினேன். கேட்கவேண்டிய கேள்வி எல்லாம் நெஞ்சுவரை வந்து நின்றது. சம்மதத்துக்கு எனக்கு எழுதத் தெரிந்தது இரண்டு எழுத்து. ஓம்.

இன்றைக்கும் நினைப்பேன், எனக்கு நீளமாக எழுதத் தெரிந்திருந்தால் ஆயிரம் கேள்வி எழுதியிருப்பேன். அவனும் விட்டிருப்பான். கடவுள் எனக்கு அன்று அளவாகத்தான் எழுத்துத் தந்திருந்தார். அதற்கு நன்றி சொல்கிறேன்.

கலியாணம் நடந்தது. இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், மூன்றாம் நாள் தானே வாழ்த்துக் கடிதம் எழுதினார். ரெஜினா இருபத்தைந்து வருடத்துக்கு மேல் என் தம்பியைக் கண்ணாகப் பார்த்தாள். கடைசி வருத்தத்தில் படுக்கையில் கிடந்தபோதும் அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

அவன் போய் ஒரு மாதத்தில் அவளிடமிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே அந்தக் கோல்காப்பாளர். மூலை எல்லாம் தேய்ந்து, முகம் வெளிறி, முதுகில் என் கோணல் எழுத்து மட்டும் அப்படியே. "மச்சாள், இவர் இதைத் தன்ரை பேர்சுக்குள்ளை வைச்சிருந்தவர். இதாலைதான் நான் இந்த வீட்டுக்கு வந்தனான். நீங்கள் வைச்சிருங்கோ."

இப்போது மட்டைக்காரர் நாற்பது பேரும் அந்தக் கோல்காப்பாளரும் ஒரே பெட்டிக்குள் என்னோடு இருக்கிறார்கள். தர்சி பேர்ணில் தாதி வேலை செய்கிறாள். வரும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்ப்பாள். இனிப்பு வாசம் எப்போதோ போய்விட்டது. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறது என்றுதான் சொல்கிறோம்.

அவளுடைய மகள் அனுயா போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "அம்மம்மா, பழைய அட்டையளுக்கு நல்ல விலையாம். ஆனால் எங்கடை ஒண்டுக்கும் உதவாது. கனடாத் தாத்தா பின்னாலை எழுதிக் கெடுத்துப்போட்டார்."

கெடுத்துத்தான் போட்டான். நல்ல காலம்.

இதைக் கொப்பியில், வயதுபோன பிறகு பழகிய பெரிய எழுத்தில், எழுதி முடித்துவிட்டேன். பிழை இருந்தால் பத்திரிகை ஆசிரியர் தம்பி திருத்துவார். அதற்கு முன் இது என் காதில் ஒருமுறை விழவேண்டும்.

அனுயா, அந்தப் போனைக் கீழை வைச்சிட்டு இஞ்சை வா பிள்ளை. முதலிலை இருந்து ஒருக்கா வாசி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் எண்டு எனக்குத் தெரியும், வெட்கப்படாதை. நானும் அப்பிடி வாசிச்சவள்தான். அந்த ரெண்டு எழுத்து வாற இடத்திலை மட்டும் கொஞ்சம் நிண்டு போ.